மாத்திரை கொடுத்துக் காப்பதா, அறவே விடச் சொல்வதா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கித் திரும்பச் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பிக்கு 26 வயது. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் 3 ஆண்டுகளாக இருக்கிறது. அதற்குச் சிகிச்சையாக, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தினமும் எடுக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள் என்பதை இப்போதே சொல்ல முடியாது என்கிறார் ஒரு மனநல மருத்துவர். 90 நாள் உள்ளே வைத்து, எந்த மருந்தும் இல்லாமல் முழுதாக மீட்டுத் தருகிறோம் என்கிறது ஒரு மறுவாழ்வு மையம். உங்கள் அப்பா 17 ஆண்டுகளுக்கு முன் குடியை ஒரே நாளில் நிறுத்தியவர், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்கு இன்றுவரை தவறாமல் போகிறவர். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று அவர் கேட்கிறார். எந்த முறை நல்லது என்றுதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரியில் இருப்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: தினமும் மாத்திரைக்குச் சம்மதித்தால், அவன் இனி முழுதாக மீளவே மாட்டான் என்று அக்காவாகிய நானே தீர்ப்பு எழுதியதாக ஆகிவிடாதா?

ஆகாது என்பதே என் பதில். ஆனால் முகம் தெரியாத ஒருவரின் ஒற்றைச் சொல்லை நம்பி நீங்கள் முடிவெடுக்கக் கூடாது என்பதால் காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். நான் மனநல மருத்துவர். 22 ஆண்டுகளாகக் குடிநோய்க்கும் போதைப்பழக்கத்துக்கும் சிகிச்சை அளித்துவருகிறேன். முதல் 7 ஆண்டுகள் முழு விலக்கத்தை மட்டுமே சிகிச்சை என்று ஏற்றுக்கொண்ட ஒரு பிரிவில் வேலை பார்த்தேன். பிறகு புப்ரெனார்ஃபின் கொடுக்கும் மையத்துக்கு மாறினேன். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. அவருடைய கல்லீரல் எப்படி இருக்கிறது, கூடவே வேறென்ன மாத்திரை போடுகிறார், மனச்சோர்வு உண்டா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆகவே மருந்தின் அளவைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. முறையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

முழு விலக்கம் என்ற வழிக்கு உங்கள் அப்பாவே சான்றாக இருக்கிறார். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும், இருவருமே குடியால் சீரழிந்தவர்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பதே குடியிலிருந்து தங்களைத் தடுக்கிறது என்று கண்டுகொண்டார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கிருந்து பிறந்தது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் இறந்த தம் கணவரின் பெயரில் தொடங்கிய சிகிச்சை அமைப்பு, குடிப்பவரைக் கெட்டவர் என்று திட்டாமல் நோயாளி என்று அழைக்கத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்கு முன் இவர்களுக்குக் கிடைத்தது வசையும் மனநலக் காப்பகமும்தான். இந்த மரபின் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. என் தொழிலை அங்கேதான் கற்றேன்.

மாத்திரை கொடுத்துக் காக்கும் வழியான தீங்கு குறைப்பு என்பது வேறோர் இடத்திலிருந்து வந்தது. அதன் ஒரு வேர் 1965இல் நியூயார்க்கில் இருக்கிறது: வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற மருத்துவர்கள், ஹெராயினை எத்தனை முறை நிறுத்தினாலும் திரும்பிப் போனவர்களுக்குத் தினமும் மெத்தடோன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தபோது அவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதை எழுதினார்கள். இன்னொரு வேர் ஊசி. ஆம்ஸ்டர்டாம் நகரில் 1984இல், மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி பரவுவதைக் கண்டு, போதை எடுப்பவர்களின் சங்கமே கேட்டுப் பழைய ஊசியைக் கொடுத்துப் புதிய ஊசி வாங்கும் திட்டம் தொடங்கியது. பிறகு எய்ட்ஸ் வந்தபோது பல நாடுகள் அதைப் பின்பற்றின. நம் நாட்டில் மணிப்பூரில் 1989-90 வாக்கில் ஊசி போடுபவர்களிடையே எச்ஐவி பரவிய வேகம்தான் இந்தியாவை இந்தப் பக்கம் திருப்பியது. போதை எடுப்பது பரவாயில்லை என்று இந்த வழி சொல்வதில்லை. அவர் இன்று நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், நாளை காலை உயிரோடு, புதிய நோய் எதுவும் ஒட்டாமல் எழுந்திருக்க வேண்டும் என்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்கிறது. நிறுத்துவது அதற்கு அடுத்த வேலை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் அனுபவம் உண்மை. ஆனால் அதை அப்படியே தம்பிக்குப் பொருத்த முடியாது. காரணம், இருவரும் எடுத்த பொருள்கள் வேறு. குடியை நீண்ட நாள் விட்டிருந்தவர் ஒரு நாள் தவறிக் குடித்தால் அந்த இரவே இறப்பது அரிது. அபின் வகை மருந்துகளில் நிலைமை அப்படி இல்லை. மார்ஃபின், ஹெராயின், டேபென்டடால் எல்லாமே ஒரே குடும்பம். அவை மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியை மந்தப்படுத்துகின்றன. தினமும் எடுக்கும்போது உடல் அதற்குப் பழகி, வேறொருவரைக் கொல்லக்கூடிய அளவையும் தாங்கிக்கொள்கிறது. சில வாரங்கள் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடுகிறது, ஆனால் ஆசை போவதில்லை. 90 நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வருபவர் பழைய நண்பனைப் பார்க்கிறார், பழைய அளவையே ஏற்றுகிறார், மூச்சு நின்றுவிடுகிறது.

இது புத்தகத்தில் படித்துச் சொல்வதல்ல. நான் முதலில் வேலை பார்த்த பிரிவில் 24 வயதுப் பையன் ஒருவன் 60 நாள் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தான்; காலைத் தியானத்துக்கு மற்றவர்களை எழுப்பிவிட்டவனே அவன்தான். வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள் கழிவறையில் இறந்துகிடந்தான், ஊசி கையிலேயே இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவனுடைய அம்மா எங்களைப் பார்க்க வந்தார். நாங்கள் கொடுத்திருந்த சிகிச்சை நிறைவுச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 'நல்லாயிட்டான்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க' என்றார். எங்கள் பிரிவில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த மிக நல்ல சிகிச்சையைத்தான் கொடுத்தோம். அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

பிறகுதான் லண்டனில் ஜான் ஸ்ட்ராங் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வைப் படித்தேன். உள்நோயாளியாகச் சேர்ந்து அபின் வகை மருந்தை நிறுத்திய 137 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அளவு மீறி எடுத்து இறந்த 3 பேரும், சிகிச்சையை முழுமையாக முடித்து உடலின் தாங்கும் சக்தியை இழந்தவர்களின் பிரிவைச் சேர்ந்தவர்கள். எண்ணிக்கை சிறியது, அதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் சிறையிலிருந்து வெளியே வருபவர்களிடமும் மெத்தடோனை நிறுத்தியவர்களிடமும் இதே படத்தைப் பல நாடுகள் கண்டிருக்கின்றன. நிறுத்திய முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை என்பதை நான் உறுதியான செய்தியாகவே சொல்கிறேன்.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் புப்ரெனார்ஃபினும் அபின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை மறைத்துப் பேசுகிற மருத்துவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அது மூளையில் டேபென்டடால் ஒட்டும் அதே இடத்தில் ஓரளவுக்கு மட்டுமே வேலை செய்கிறது. அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் மூச்சை அது அழுத்துவதில்லை. ஒரு நாளைக்கு மேல் உடலில் நிற்பதால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் கிறுகிறுப்பும் நடுக்கமும் இல்லை. அந்த இடத்தை அது இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், மேலே வேறு மருந்தை ஊசியில் ஏற்றினாலும் பெரும்பாலும் போதை ஏறுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் உடம்பு வலிக்கும், தூக்கம் வராது. அது உடல் பழகியதன் விளைவு, நீண்ட நாள் எடுக்கும் வேறு பல மருந்துகளிலும் உள்ளது. மருந்துக்காகத் தங்கையின் கம்மலை அடகு வைப்பது, வேலைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பாலத்தடியில் உட்காருவது, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதும் போய்ப் பார்க்க முடியாமல் போவது, இவைதான் அடிமைத்தனம். முன்னது மட்டும் இருந்து பின்னது ஒழிந்துவிட்டால் அதை மீட்சி என்றே மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

மருந்து கொடுக்கும் மேசைக்கு ஒரு நாள் உங்கள் அப்பாவை அழைத்துப் போக முடிந்தால் நல்லது. காலையில் செவிலியர் மாத்திரைகளைப் பொடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் கொட்டுகிறார். எச்சிலை விழுங்காமல், ஒரு வார்த்தை பேசாமல் ஐந்து பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மறுபடி நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்; டார்ச் அடித்துப் பார்த்தபின்தான் பதிவேட்டில் கையெழுத்து. வாயை மூடிக்கொண்டு தலையாட்டியே ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்ளும் அந்த வரிசையில், வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவரும், இரவு ஷிப்ட் முடித்து வந்தவரும், பள்ளிச் சீருடையில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவரும் இருப்பார்கள். போதையின் சாயல் அந்த முகங்களில் இருக்காது.

ஆதாரங்களில் எனக்கு மிகவும் கனமாகப் படுவது 2003இல் ஸ்வீடனிலிருந்து வெளிவந்த ஆய்வு. ஹெராயினுக்கு அடிமையான 40 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். 20 பேருக்கு ஓராண்டு முழுவதும் புப்ரெனார்ஃபின். மற்ற 20 பேருக்கு 6 நாள் அதைக் குறைத்துக்கொண்டே வந்து, பிறகு மருந்தில்லாத வெற்று மாத்திரை. இரு பிரிவினருக்கும் ஒரே மாதிரியான ஆலோசனையும் குழு சிகிச்சையும் தரமாகக் கொடுக்கப்பட்டன. ஆண்டு முடிவில் முதல் பிரிவில் 75 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாவது பிரிவில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பிரிவில் 4 பேர் இறந்துவிட்டார்கள். முதல் பிரிவில் யாரும் இறக்கவில்லை. 2017இல் பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புப்ரெனார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 4.3 ஆக இருந்த இறப்பு, சிகிச்சையை விட்டிருந்த காலத்தில் 9.5 ஆக இருந்தது. சிகிச்சையில் நிலைத்திருப்பவர்கள் இயல்பிலேயே சற்று நிதானமானவர்களாக இருக்கலாம் என்பதால், இந்த இரண்டாவது கணக்கை மட்டும் முழு நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனால் ஸ்வீடன் ஆய்வுக்கு அந்தக் குறை கிடையாது, எண்ணிக்கை குறைவு என்ற குறைதான் உண்டு. இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதால் எனக்கு ஐயம் இல்லை.

உங்கள் தம்பிக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று அமெரிக்காவில் ரோஜர் வைஸ் தலைமையில் நடந்து 2011இல் வெளிவந்தது. அதில் சேர்ந்த 653 பேரும் ஹெராயினை விட, மருத்துவர் சீட்டில் கிடைக்கும் வலி மாத்திரைகளுக்கே முதன்மையாக அடிமையானவர்கள். முதலில் இரண்டு வாரம் புப்ரெனார்ஃபின் கொடுத்து இரண்டு வாரத்தில் குறைத்து நிறுத்தினார்கள், 6.6 விழுக்காட்டினரே தேறினார்கள். தேறாதவர்களுக்குப் பிறகு 12 வாரம் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது 49.2 விழுக்காட்டினர் தேறினார்கள். அந்த மருந்தையும் குறைத்து நிறுத்தியபின் 8 வாரம் கழித்துப் பார்த்தால் அது 8.6 விழுக்காட்டுக்கு விழுந்துவிட்டது. கூடுதலாகக் கொடுத்த தனிப்பட்ட போதை ஆலோசனையால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்பது, ஆலோசனையை நம்பி வாழ்நாளைக் கழித்த எனக்கு ஏற்கக் கடினமாக இருந்த முடிவு.

இதே ஆய்வின் இன்னொரு பக்கம்தான் உங்கள் கடைசி வரிக்கு நேரான பதில். மூன்றரை ஆண்டு கழித்து, தொடர்பில் கிடைத்தவர்களைத் திரும்பப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் எந்த மாற்று மருந்தும் இல்லாமல் போதையிலிருந்து விலகியிருந்தார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் மருந்தைத் தொடர்ந்துகொண்டே, அடிமைத்தனத்தின் அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தார்கள். தொடர்பு விட்டுப்போனவர்களின் நிலை இதைவிட மோசமாக இருந்திருக்கலாம், ஆகவே இந்தப் பங்குகளை அப்படியே வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இன்று மாத்திரையைத் தொடங்குவது, என்றாவது மாத்திரை இல்லாமல் வாழ்வதற்கான வழியை அடைப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. மருந்தில்லாமல் வாழ்பவராக உங்கள் தம்பியை 35 வயதில் பார்க்க, அவர் 27 வயதைத் தாண்டியாக வேண்டும்.

இனி ஐயத்துக்கு உரியவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் மருந்து கொடுப்பவர்கள் இவற்றைச் சொல்லாமல் விடுவதுண்டு. எத்தனை ஆண்டுகள் எடுக்க வேண்டும் என்பதற்கு அறிவியலில் தெளிவான விடை இல்லை. ஓராண்டுக்குள் நிறுத்துபவர்கள் பெரும்பாலும் திரும்ப விழுகிறார்கள் என்பது நன்றாகத் தெரிகிறது. ஐந்தாம் ஆண்டில் யார் பத்திரமாக நிறுத்தலாம் என்பதை முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் கிடையாது. வேலை, தூக்கம், புதிய நட்புகள், ஆசை எழாத மாதங்கள் இவற்றைப் பார்த்து, பல மாதங்களில் மெல்லக் குறைப்பதே என் வழக்கம். அது அனுபவத்தால் வந்தது, நிரூபணம் அல்ல. மலச்சிக்கல், வியர்வை, தூக்கக் கோளாறு, காம நாட்டம் குறைதல் ஆகியவை உண்டு. நாக்கடியில் நெடுநாள் வைப்பதால் பல் சிதைவதும் உண்டு, கரைந்தபின் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்கிறோம். குடியோடும் அல்ப்ரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகளோடும் சேர்ந்தால் புப்ரெனார்ஃபினும் மூச்சை நிறுத்தும்.

இன்னொன்று, சென்னைக்காரர்கள் மறக்க முடியாதது. தொண்ணூறுகளில் இந்த நகரத்தில் பிரவுன் ஷுகர் எனப்படும் மலிவான ஹெராயினுக்குப் பதிலாகப் பலர் ஊசியில் ஏற்றிக்கொண்டது வேறெதையும் அல்ல, புப்ரெனார்ஃபின் ஊசிமருந்துக் குப்பியைத்தான். ஆகவே இது வெளியே கசிந்தால் தெருப் போதையாகும் மருந்துதான். இன்று மாத்திரையைச் செவிலியர் முன்னிலையில் கொடுப்பதும், ஊசியில் ஏற்றினால் போதையைத் தடுக்கும் நலாக்சோனைச் சேர்த்துத் தயாரிப்பதும், சாதாரண மருந்துக் கடைக்கு விடாமல் சிகிச்சை மையங்கள் வழியாக மட்டும் வழங்குவதும் இதனால்தான். பத்து நாள் மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்து, ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பும் இடமாக இருந்தால், அங்கே தீங்கு குறைகிறது என்று நான் சொல்ல மாட்டேன். முழு விலக்க மையங்கள் தவறி விழுந்தவரைத் தண்டித்து வெளியே அனுப்பிக் கைவிடுகின்றன என்றால், மாத்திரை மையங்கள் வரிசையில் நிற்க வைத்தே கைவிடுவதுண்டு. இவருக்கு வேலை கிடைத்ததா, நிறுத்த வேண்டும் என்று அவரே எப்போதாவது சொன்னாரா என்று ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்காமல் இருந்த நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

குடியைப் பொறுத்தவரை உங்கள் அப்பாவோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். கடுமையான குடிநோய் வந்தவருக்கு, ஈரல் கெட்டவருக்கு, முழுதாக விடுவதே மிகப் பாதுகாப்பான அறிவுரை. அளவாகக் குடிக்கக் கற்றுக்கொள்ள முடியும் என்று லண்டனில் 1962இல் டேவிஸ் என்பவர், பழையபடி சாதாரணமாகக் குடிக்கத் தொடங்கிய 7 நோயாளிகளைக் காட்டியதிலிருந்து ஒரு சர்ச்சை இன்னும் ஓயவில்லை. லேசான நிலையில் இருப்பவர்கள் சிலருக்கு அது கைகூடுகிறது. கைநடுக்கம், வலிப்பு வரை போனவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஏஏ வழியின் பலன் வெறும் நம்பிக்கை அல்ல என்பதும் இப்போது தெளிவு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 10,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முறையாக ஏஏவில் சேர்த்துவிடப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் சுத்தமாகக் குடிக்காமல் இருந்தார்கள், மற்ற சிகிச்சைகளில் அது 35 விழுக்காடு என்று காட்டியது. அபின் வகை மருந்துகளுக்கு இதே அளவு வலுவான ஆதாரம் மருந்தில்லா வழிக்கு இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் ஒரே நாளில் நிறுத்தினேன் என்று அப்பா மற்றவர்களிடம் சொல்லும்போது, தினமும் காலையிலேயே குடிப்பவர்கள் வீட்டில் தனியாக அதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பும், மூன்றாம் நாள் வாக்கில் ஆள் தெரியாத பிதற்றலும் வரலாம். அதில் இறந்தவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது, கேரள அரசு மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க ஆணையிட்டதும், மருத்துவர் சங்கம் எதிர்த்ததும், சில நாளிலேயே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் நினைவிருக்கலாம். மதுவைக் கொடுப்பதற்குப் பதில், நிறுத்தும்போது வரும் வலிப்பைத் தடுக்கும் குளோர்டையசெபாக்சைடு, வைட்டமின் பி1 ஆன தயமின் ஆகியவற்றைக் கிராமம்வரை கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. குடிப்பதை விடவே மாட்டேன் என்பவருக்கும் தயமின் கொடுத்து மூளையைக் காக்கிறோம். அதுவும் தீங்கு குறைப்புதான், அதை எந்த ஏஏ உறுப்பினரும் எதிர்த்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கும் எனக்கும் ஒரே விதமான பார்வைக் கோளாறு இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் கூட்டத்தில் பார்ப்பது விட்டவர்களை. விட முடியாமல் நின்றுபோனவர்களின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். நான் பார்ப்பது திரும்ப விழுந்தவர்களை. மருந்தே இல்லாமல் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர் என் அறைக்கு ஏன் வரப் போகிறார்? அதனால்தான் என் நினைவை விட எண்ணி எழுதப்பட்ட ஆய்வுகளை உங்களுக்கு அதிகம் சொன்னேன். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி குடிநோய் முற்றியவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியாக ஒருவர் உள்ளே வந்தால் போதும் என்ற எண்ணம் எனக்கு வந்ததற்கு அந்த எண் ஒரு காரணம்.

ஆகவே உங்கள் தம்பிக்கு நான் சொல்லக்கூடியது: முதலில் மருந்து. 90 நாள் மையம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுச் சூழல் மோசமாக இருந்தால் சில வாரம் உள்ளே இருப்பது உதவும். ஆனால் அங்கே சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் கீழ் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா, வாரம் ஒருமுறையாவது நீங்கள் நேரில் பார்த்துப் பேச விடுவார்களா, வெளியே அனுப்பும் முன் புப்ரெனார்ஃபினோ, போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனோ தொடங்கித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் என் தம்பியை அங்கே அனுப்ப மாட்டேன். சங்கிலி, அடி, உணவை நிறுத்துதல் என்று காதில் விழுந்தால் அன்றே அழைத்து வந்துவிடுங்கள். சங்கிலியால் பிணைப்பதை அந்தச் சட்டம் எந்த வடிவிலும் தடைசெய்கிறது.

மருந்து தொடங்கும்வரை அவர் ஊசி போடுவார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பயன்படுத்திய ஊசியை இன்னொருவர் தொடக் கூடாது, தனியாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு போடக் கூடாது என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்வதால் நீங்கள் அனுமதி கொடுத்ததாக ஆகாது. மாத்திரையில் மருந்தைத் தவிரப் பொடியும் பசையும் இருக்கின்றன. அவை இரத்தக் குழாயையும் நுரையீரலையும் அடைக்கும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் சோதனை செய்யுங்கள். ஹெபடைடிஸ் சி இருந்தாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது, அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கி, குறட்டைபோல மூச்சு இழுத்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், முறிவு மருந்தான நலாக்சோனைக் கொடுக்க அது தெரிய வேண்டும். புப்ரெனார்ஃபின் அருகில் எங்கே கிடைக்கும் என்பதை 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேளுங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். மருந்து விஷயத்தில் எந்த உறுப்பினரும் மருத்துவர் வேலையைச் செய்யக் கூடாது என்று ஏஏ தன் உறுப்பினர்களுக்கான வெளியீட்டிலேயே சொல்லியிருக்கிறது. மாத்திரை எடுக்கும் மகனோடு அவர் கூட்டத்துக்குப் போவதில் தடை எதுவும் இல்லை. புப்ரெனார்ஃபினின் முதல் மாத்திரையை, பழைய மருந்து உடலில் இருக்கும்போதே வைத்தால் திடீரென்று கடுமையான நடுக்கமும் வாந்தியும் வந்துவிடும். அதனால் கடைசி ஊசிக்குப் பின் அரை நாள் முதல் ஒரு நாள் வரை வெறுமனே காத்திருக்க வேண்டும். கொட்டாவி, மூக்கில் நீர், கால் குடைச்சல், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு எல்லாம் வரும் அந்த இரவைத் தம்பி தனியாகக் கடக்கக் கூடாது. பக்கத்தில் யாராவது விழித்திருக்க வேண்டும், சூடாகக் கஞ்சி கொடுக்க வேண்டும், இன்னும் எத்தனை மணி நேரம் என்று அவர் கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரவு எப்படி இருக்கும் என்பது உங்கள் வீட்டில் அப்பாவுக்குத்தான் தெரியும். அவரை உட்காரச் சொல்லுங்கள்.